பத்துக் கோணத்துக்கு ஒரு மார்க்

ஜூன் 9, 2024, ஞாயிறு

காலையில் இரண்டு பெட்ஷீட், நான்கு தலையணை உறை துவைத்தோம். வெயில் நன்றாக அடித்ததால் பதினொரு மணிக்கே காய்ந்துவிட்டன. மொட்டைமாடியில் மடிக்கும் வேலை எப்போதும் எங்கள் இருவருடையது. இரண்டு முனை எனக்கு, இரண்டு முனை ஆவுடைக்கு. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

இன்று அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டே இருந்தாள். ஓரத்தைத் தடவிப் போன கை முனையைத் தொட்டது. தொட்டும் நிற்காமல் அடுத்த பக்கத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. செவ்வகத்துக்கு நான்கு முனைதான், இரண்டு என் கையில், ஒன்று உன் கையில், மிச்சம் ஒன்று எங்கே போய்விடும் என்று கேட்டேன்.

"காணோம்ங்க," என்றாள்.

அவளும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் நான் குறித்து வைக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

ஆவுடையை நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் தவசிங் சின்ன வயசு, அமைதியாகப் பேசுகிறார். ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். மொத்தம் முப்பது மார்க்.

என்ன தேதி, என்ன ஊர், மூன்று சொல்லைச் சொல்லிப் பிறகு திரும்பக் கேட்பது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது. தேதியிலும் சொற்களிலும் கொஞ்சம் தடுமாறினாள். கழித்தலில் டாக்டரையே முந்திவிட்டாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் அல்லவா, பாளையங்கோட்டையில் பாதிப் பேருடைய பழைய ஐந்து இலக்க நம்பர் இன்னும் அவள் வாயில் இருக்கிறது.

கடைசியில் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பார்த்து அப்படியே வரையச் சொன்னார். இரண்டு ஐங்கோணங்கள், ஒன்றின் முனை இன்னொன்றுக்குள் நுழைந்திருக்கும். ஆவுடை பென்சிலை எடுத்தாள். ஒன்று மூடாமல் திறந்து கிடந்தது. மற்றது எங்கோ தள்ளி, கோழிமுட்டை மாதிரி. ஒரு முனைகூட இல்லை. டாக்டர் பூஜ்யம் போட்டார். மொத்தம் 22.

படத்துக்கு எவ்வளவு மார்க் என்று கேட்டேன். ஒன்று என்றார். பத்துக் கோணம், பத்துப் பக்கம், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு நாற்கரம், இத்தனைக்கும் ஒரே மார்க்கா, படிகளுக்கு மார்க் கிடையாதா என்றேன். முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு அது மனசு ஆறவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டார். செப்டம்பரில் திரும்பவும் இதே பரிசோதனை, மார்க் குறைகிறதா என்று பார்ப்பாராம்.

வேறு இரண்டு விஷயமும் சொன்னார். அவை மார்க் சம்பந்தப்பட்டவை அல்ல, எழுதவில்லை.

பஸ்ஸில் வரும்போதே எல்லாக் கேள்வியையும் ஞாபகப்படுத்தி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

கோடு போடாத நோட்டு இரண்டு, பென்சில் இரண்டு, ரப்பர், முனை மழுங்காத புது ஸ்கேல் ஒன்று.

ஜூன் 17, திங்கள்

இந்த வருஷம் ட்யூஷன் கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். மாலை ஐந்திலிருந்து ஆறு வரை ட்யூஷன் மேசை ஆவுடைக்கு.

அடிப்படையிலிருந்து தொடங்கினேன். இரண்டு பக்கங்கள் சந்திக்கும் இடம் முனை, அவற்றுக்கு இடையே இருக்கும் விரிவு கோணம் என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கே எங்க அப்பாகிட்ட இதத்தான பேசிக்கிட்டிருந்தீங்க," என்றாள்.

முக்கோணம் வரையச் சொன்னேன். இரண்டு பக்கம் வந்தது, மூன்றாவது பக்கம் காகிதத்தை விட்டு மேசைக்குப் போய்விட்டது. மூன்று புள்ளி வைத்துக் கொடுத்துச் சேர்க்கச் சொன்னேன். ஒரு புள்ளியைப் பிடித்தால் அடுத்த புள்ளி தொலைந்துபோகிறது. கண்ணில் கோளாறு இல்லை. கண்ணாடிக் கடைக்காரரும் போன மாதம் அப்படித்தான் சொன்னார்.

நோட்டை மூடும்போது, ஒருநாள் திருச்செந்தூர் போய்விட்டு வரலாமா, கடல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றாள். செப்டம்பர் முடியட்டும் என்றேன்.

ஜூலை 8, திங்கள்

மூன்று வாரமாகியும் முக்கோணம் தாண்டவில்லை. முருங்கைக் கிளை ஒடிந்து விழுந்தது. ஆள் வைத்து வெட்டினேன்.

ஜூலை 19, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். இத்தனை வருஷ அனுபவம் சும்மா போகுமா?

அவளுக்கு வடிவம்தான் பிடிபடவில்லை. நம்பர் பிடிபடுகிறது, விரலுக்குப் பொத்தான்கள் பிடிபடுகின்றன. காலையில் மகள் சங்கரிக்குக் கோயம்புத்தூருக்குப் போன் போடும்போது பார்த்தேன். போனைப் பார்க்கவே இல்லை, விரல் தானாகப் போகிறது. பொத்தான்கள் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. 6-ல் தொடங்கி 8, 7, 1, 2 என்று போய்த் திரும்ப 6-க்கு வந்தால் ஐந்து பக்கம், ஐந்து முனை. வலது பக்கம் மூக்கை நீட்டிய ஐங்கோணம். 4-ல் தொடங்கி 8, 9, 3, 2, திரும்ப 4 என்றால் இடது பக்கம் மூக்கை நீட்டியது. இரண்டாவதன் 4, முதலாவதன் வயிற்றுக்குள் விழ வேண்டும், அவ்வளவுதான். நடுவில் நாற்கரம் வந்துவிடும். உள்கோணங்களையும் கூட்டிப் பார்த்தேன், 540. ஒரு குறையும் இல்லை.

68712, 48932. இரண்டு பழைய டெலிபோன் நம்பர் மாதிரியே இருக்கிறது. ஆவுடையிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு மேசைமேல் விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு பென்சிலைப் பிடித்தாள். காகிதத்தைப் பார்க்கவில்லை. கை போய்த் திரும்பி வந்து, தொடங்கிய இடத்திலேயே நின்றது.

"லைன் கிடைச்சிட்டுங்க," என்றாள்.

பக்கங்கள் வளைந்திருந்தன. ஆனால் ஐந்து முனையும் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. சிவப்பு மையில் பெரிய டிக் ஒன்று போட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெட்ஷீட்டை நானே மடித்துவிட்டேன். அவளுக்கு அந்த நேரத்தில் படம் போடும் பயிற்சி. மூன்று சொற்களும் இப்போது தண்ணீர் பட்ட பாடு. தேதிக்குக் காலையில் காலண்டர் கிழிக்கும்போதே ஐந்து முறை சொல்ல வைக்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

27. முப்பதுக்கு இருபத்தேழு!

இரண்டு ஐங்கோணமும் வந்தன, நாற்கரமும் வந்தது. டாக்டர் தாளை இரண்டு முறை பார்த்தார். பழைய தாளை எடுத்து ஒப்பிட்டார். எதிர்பார்க்கவில்லை என்றார். ஒருவேளை வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் மனச்சோர்வாகவும் இருந்திருக்கலாம், மார்ச்சில் வாருங்கள் பார்ப்போம் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பப்ளிக் பரீட்சையில் பையன் நூறு வாங்கினால் எந்த வாத்தியார் போய், நான் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன் என்று திருத்துபவரிடம் சொல்கிறார்?

வரும் வழியில் அல்வா வாங்கினோம். படியிறங்கும்போது ஆவுடை கடைசிப் படியைக் காணாமல் விழப் பார்த்தாள். பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பத்து நாள் ஓய்வு விட்டது தப்பாகிவிட்டது. இன்று போடச் சொன்னால் 48932-க்குப் பிறகு 68712 என்று மாற்றிப் போட்டாள். இனி ஒருநாளும் விடக் கூடாது. திருச்செந்தூருக்கு வெள்ளிக்கிழமை போகிறோமா என்று கேட்டாள். மார்ச் பரீட்சை முடியட்டும், இப்போது மழைக்காலம் வேறு என்றேன். மழை இன்னும் தொடங்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

அக்டோபர் 20, ஞாயிறு

தம்ளரை மேசைமேல் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தாள். இது இந்த வாரம் நான்காவது தம்ளர். இனி எவர்சில்வர்தான்.

சமையல் முழுக்க என் பொறுப்பு. அடுப்பு எரிவது தெரியாமல் அதன்மேல் கை வைத்துவிட்டாள், நல்லவேளை கொஞ்சம்தான். இன்று சொதி வைத்தேன். உப்புக் குறைவு. "நல்லா இருக்குங்க," என்றாள். அவள் அப்படிச் சொன்னால் நன்றாக இல்லை என்று அர்த்தம். அந்த அளவுக்கு அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

நவம்பர் 14, வியாழன்

ஐந்தரை மணிக்குக் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். பதினொரு முறை போட்டும் இரண்டாவது ஐங்கோணம் முதலாவதுக்கு வெளியே போய் விழுந்தது. ஸ்கேல் மேசையில் பட்டது. அவ்வளவுதான்.

நவம்பர் 15, வெள்ளி

மழை. மருந்துக் கடைக்குப் போய் தைலம் வாங்கி வந்தேன்.

டிசம்பர் 26, வியாழன்

சங்கரி வந்து நான்கு நாள் ஆகிறது. வந்ததிலிருந்தே அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அம்மா பாத்ரூம் கதவு என்று நினைத்துப் பீரோவைத் திறக்கிறாள், சேலை முந்தானை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, இதெல்லாம் எவ்வளவு நாளாக என்று கேட்டாள். இருபத்தேழு மார்க் வாங்கியதைச் சொன்னேன். அந்தத் தாளின் நகலைக்கூடக் காட்டினேன்.

இன்று மேசைக்கு அடியிலிருந்த நோட்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டாள். ஒன்பது நோட்டு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு ஐங்கோணங்கள்தான், பக்கத்துக்கு ஆறு. அதன்மேல் என் சிவப்பு மை.

"ஆறு மாசமா அம்மாகிட்ட இத மட்டுந்தான் பேசினீங்களாப்பா?"

படிக்கிறவர்கள் என்றால் பயிற்சி வேண்டாமா என்றேன். அவள் அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த அறைக்குள் போகவில்லை.

ஜனவரி 15, 2025, புதன்

மாட்டுப் பொங்கல். கோலப்பொடி டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். ஆசையாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். போட்டு முடித்துவிட்டுக் கூப்பிட்டாள். இரண்டு ஐங்கோணங்கள்.

மார்ச் 13, வியாழன்

இதை எழுத எனக்குத் துணிச்சல் வேண்டும். எழுதிவிடுகிறேன்.

டாக்டர் இன்று தேதியில் ஆரம்பிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, உங்களுக்குத் தோன்றுகிற ஒரு வாக்கியம் எழுதுங்கள் அம்மா என்றார். ஆவுடை கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. ஆறு எட்டு ஏழு ஒன்று இரண்டு. தாளில் ஐங்கோணம் வந்தது. டாக்டர் தாளைத் திருப்பி வைத்து, ஒரு கடிகாரம் வரையுங்கள் என்றார். திரும்பவும் அதுவே. உங்கள் பேரை எழுதுங்கள் என்றார். திரும்பவும் அதுவே. ஒவ்வொன்றும் முடிந்ததும் டாக்டரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, டிக் போடுவேனா என்று பார்த்தாள்.

"பிரம்மநாயகம் சார், வீட்டில பழக்குனீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

ஆமாம் என்றேன். நம்பர் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"இது பரீட்சை இல்ல சார். தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கக் கொண்டு வர்றப்ப அத ஐஸ் தண்ணியில முக்கி எடுத்துட்டு வந்துட்டீங்க. நானும் அதப் பாத்து ஏமாந்துட்டேன்."

ஜூனில் அவர் சொன்ன இரண்டு விஷயத்தையும் இப்போது எழுதுகிறேன். முதலாவது, கண் பார்க்கிறது, ஆனால் பார்த்ததைச் சேர்த்து வைக்கிற மூளைப் பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது, எந்தப் பயிற்சியாலும் அது திரும்பாது. இரண்டாவது, இன்னும் ஒரு வருஷம்போல அம்மா உங்களையெல்லாம் நன்றாக அறிந்து நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், ஆசைப்பட்ட இடத்துக்குக் கூட்டிப் போங்கள், கூட உட்கார்ந்து பேசுங்கள். காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. நான் நம்பவில்லை. கணக்கில் விடை தப்பாக வந்தால் திரும்பச் செய்தால் சரியாக வரும் என்றுதான் என் ஆயுசு முழுவதும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நவம்பர் 14 அன்று ஸ்கேல் மேசையில் படவில்லை. அவள் விரல் முட்டியில் பட்டது. இரண்டு முறை. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு சுடுசொல் சொல்லியிருப்பேன், கை நீட்டியதில்லை. அவள் அழவில்லை. பென்சிலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

திருச்செந்தூர் போனோம். கார் வைத்துக்கொண்டேன். மணலில் ஒரு துண்டை விரித்து அவளை உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன்.

கடல் முன்னால் இருந்தது. அவளுக்கு அது பிடிபடவில்லை. எங்கே, எங்கே என்று கையை நீட்டிச் சுவரைத் தேடுவதுபோலத் தடவினாள். அலைச் சத்தம் கேட்கிறதா என்றேன். கேட்கிறது, ஆனால் யாரோ நிறையப் பேர் வருகிற மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றாள். காலை நனைக்கலாம் என்று எழுப்பினேன். ஈரம் பட்டதும் என் கையை இறுக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மணி என்ன என்று கேட்டாள். மூன்றரை என்றேன்.

"அப்பப் போயிரலாம்ங்க. அஞ்சு மணிக்கு ட்யூஷன் இருக்கு. லேட்டாப் போனா அந்த சார் ஏசுவாரு."

எந்த சார் என்று நான் கேட்கவில்லை. துண்டை உதறி மடித்து எடுத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டோம்.

மார்ச் 22, சனி

நோட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். பென்சில், ஸ்கேல் எல்லாவற்றையும் ஒளித்து வைத்தேன். ஐந்து மணிக்கு அவள் தானாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கு வகுப்பு இல்லை ஆவுடை, வா சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்றேன். அந்த மேசையில் உட்கார்ந்தால் என் குரல்கூட அவளுக்கு வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. தலையை நிமிர்த்தவில்லை. மேசைமேல் விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 25, செவ்வாய்

மேசையைப் பின்கட்டுக்கு மாற்றினேன். ஐந்து மணிக்கு, மேசை இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

சங்கரி போன் பண்ணினாள். அடுத்த வாரம் வந்து ஒரு மாதம் இருக்கிறாளாம்.

மாலை ஐந்து மணி. ஆவுடை மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். கால் மணி நேரம் விரலால் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், நேரமாச்சு. வீட்டுல அவிய தேடுவாவ. போகட்டுமா?"

போயிட்டு வாங்கம்மா என்றேன். இரண்டடி வைத்துச் சுவரில் முட்டப் போனாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போய் முன்னறை நாற்காலியில் உட்கார வைத்தேன். உபசாரமாக, வாரேன் சார் என்றாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் வாசல் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். வேப்பமரம் வரை போனேன். யாரோ வணக்கம் சொன்னார்கள். திரும்பி வந்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிறவன்போல வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆவுடை," என்று கூப்பிட்டேன்.

"வந்துட்டீங்களா? எவ்வளவு நேரம்," என்றாள். முகம் அப்படி மலர்ந்தது. கையை நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

குரலைத் தாழ்த்தி, ஒன்று சொன்னால் கோபப்பட மாட்டீர்களே என்று கேட்டாள். மாட்டேன் என்றேன்.

"நாளையில இருந்து நான் ட்யூஷனுக்குப் போகலங்க. எனக்கு அது வரமாட்டேங்கு. உங்ககூடயே வீட்டுல இருந்துக்கிடுதேன்."

போக வேண்டாம், நானே போய் அந்த ஆளிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் என் கையை அழுத்தினாள்.

"நீங்க போயிச் சண்டகிண்ட போட்டுராதீங்க. பாவம், அவருக்கு வீட்டுல யாரும் கிடையாது போல."